கிளைக்குள் போன கம்பி

எங்கள் வீட்டு வடக்குச் சன்னலோரம் ஓர் ஆலமரம் இருக்கிறது. உயரம் என் முழங்கை அளவுதான். தட்டையான ஒரு மண்தொட்டியில், இரண்டு கை மண்ணில், விழுதுகள் இறக்கி, கிழட்டு மரத்துக்குரிய எல்லா முறுக்கோடும் நிற்கிறது. அதன் கீழ்க்கிளை ஒன்று மட்டும் கயிறு திரித்தது போல இருக்கும். அடியிலிருந்து நுனிவரை பட்டை சுருள் சுருளாகப் புடைத்திருக்கும். புடைப்புகளுக்கு நடுவே ஒரு கோடு ஓடும். அந்தக் கோட்டுக்குள்ளே செம்புக் கம்பி இருக்கிறது. இப்போது அது கண்ணுக்குத் தெரியாது. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்த நாட்களில் மட்டும் கோடு நெடுகப் பச்சை கசிந்து, தொட்டியின் விளிம்பில் கறையாக இறங்கும். பழைய செம்புப் பானையில் பிடிக்கிற களிம்பின் அதே பச்சை. அதைத் துணியால் துடைக்கும்போதெல்லாம் எனக்குத் தொட்டிக்காரரின் ஞாபகம் வரும்.  

தொட்டிக்காரர் என்பது அம்மா வைத்த பெயர். குளத்தூர்க் கடற்கரைக்காரர் அவர். இளவயதில் கப்பலில் வேலைக்குப் போய், சிங்கப்பூரில் இறங்கி, அங்கே ஒரு பணக்காரருடைய தோட்டத்தில் பல வருஷம் இருந்தவர். மரங்களைத் தொட்டியில் குறுக்கி வளைத்து வளர்க்கிற வேலையை அங்கேதான் பிடித்துக்கொண்டார். என் அப்பா மலேயாவில் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து, ஜப்பான்காரன் வந்த பெரிய சண்டைக்கு முன்பே பாறசாலைக்குத் திரும்பியவர். மலேயாவில் ஒரு சீன வியாபாரி வீட்டு வாசலில் இப்படி ஒரு மரத்தைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் அது போல ஒன்று வேண்டுமென்று ஏங்கிக்கொண்டிருந்தார். தொட்டிக்காரர் ஒரு பழைய மதகின் கல்லிடுக்கில் முளைத்திருந்த ஆலங்கன்றை வேரறாமல் பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். அன்று தொடங்கி மாதம் ஒருமுறை வருவார். நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டர் வீடு, வெள்ளறடையில் ஒரு ரப்பர் முதலாளி வீடு, பிறகு எங்கள் வீடு. இந்தப் பக்கத்தில் அவருக்குப் பணம் கொடுத்து மரம் வளர்த்தவர்கள் அவ்வளவுதான்.

மரம் வளர்வதற்குக் கூலி கொடுப்பார்கள், வளராமல் இருப்பதற்கு யாராவது கொடுப்பார்களா என்று ஊரில் சிரித்தார்கள். அம்மாவும் விடமாட்டாள். “வந்தாச்சு, ஆலுக்கு முடி வெட்டுறவரு வந்தாச்சு” என்று அடுக்களையிலிருந்து அவர் காதில் விழும்படியே சொல்வாள். அவர் அசரமாட்டார். வெள்ளை முழுக்கைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் தோல் பை. காப்பி ஆறியிருந்தால் திருப்பி அனுப்புவார். ஒருமுறை அப்பா “இந்த மாசக் கூலி” என்று சொல்லி ரூபாயை நீட்டியபோது அவர் கையை நீட்டவே இல்லை. “கூலி தேங்கா வெட்டுறவனுக்குக் குடும், கிராணியாரே. டாக்டருக்குக் குடுக்கதுக்கு என்ன பேரு? பீஸு. எனக்கும் அதாக்கும்.” அதற்குப் பிறகு அப்பா பணத்தை ஒரு கவரில் போட்டு, மரத்தருகே வைத்துவிடுவார். அவர் அதைப் பார்க்காதது போல எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்.

எனக்கு அப்போது இருபது வயதிருக்கும். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. வேற்று ஆண்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். வாயைத் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தொட்டிக்காரர் முன்னால் மட்டும் அப்படி ஆகவில்லை. அவர் என்னைப் பார்த்துப் பேசுவதில்லை, மரத்தைப் பார்த்துத்தான் பேசுவார் என்பது காரணமாக இருக்கலாம். கம்பி சுற்றும்போது கிளையின் நுனியை யாராவது அசையாமல் பிடிக்க வேண்டும். அம்மா மாட்டேன் என்றாள். அப்பாவின் கை நடுங்கும். ஆகவே நான் பிடித்தேன்.

அந்தக் கம்பி வேலையைச் சொல்ல வேண்டும். பழைய மோட்டாரிலிருந்து பிரித்த செம்புக் கம்பியைக் களியக்காவிளைச் சந்தையில் எடைக்கு வாங்குவார். அதைத் தென்னஞ்சருகில் போட்டுத் தீ மூட்டிச் சுடுவார். வெந்த கம்பி பளபளப்பெல்லாம் போய்க் கறுத்து, நூல் போல இளகிவிடும். அதைக் கிளையில் சாய்வாகச் சுற்றிக்கொண்டே போய், பிறகு இரண்டு பெருவிரலும் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைப்பார். கிளை முனகுகிற சத்தம் என் விரலுக்குத் தெரியும். வளைத்த இடத்திலேயே அது நின்று பழகிய பிறகு கம்பியை எடுத்துவிட வேண்டும். “மிதுனம் கழியதுக்கு முன்ன அவுக்கணும் மக்கா. மழையில ஆலு கொழுக்கும். அப்போ கம்பி கெடந்தா மரம் அதைத் தின்னுரும். பிறவு எடுக்க ஒக்காது.” மிதுனம் என்பது ஆனி. இதை ஒவ்வொரு முறையும் சொல்வார். சுற்றிய கையே அவிழ்க்க வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். வேறொருவர் சுற்றியதை அவர் தொடமாட்டார். தான் சுற்றியதை வேறொருவர் தொடவும் விடமாட்டார்.

அந்த வருஷம் மேட மாதத்தில், சித்திரையில், எல்லாக் கிளைக்கும் கம்பி சுற்றிவிட்டுப் போனார். எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த வருஷம். திருவிதாங்கூரில் தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று கூட்டமும் மறியலும் நடந்தன. எங்கள் வீட்டில் உள்ளே தமிழ், கடைத்தெருவில் மலையாளம், அது வரை யாரும் அதை யோசித்ததே இல்லை. அந்த வருஷம் யோசிக்கத் தொடங்கினோம். எதிரே வருகிறவரிடம் முதல் சொல்லை எந்த மொழியில் எடுப்பது என்று தயங்கி, தெரிந்தவர்களே பேசாமல் கடந்து போனார்கள். பஸ்கள் பாதி வழியில் நின்றன. ஒரு நாள் ரோட்டோரத்து டெலிபோன் கம்பியை யாரோ வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதன் பிறகு போலீஸ் வண்டி வீடு வீடாக நின்றது. செம்புக் கம்பி ஒரு முழம் இருந்தாலும் ஆளைக் கொண்டுபோகிறார்கள் என்றார்கள். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஒருவரை அடித்து இழுத்துப் போனதைப் பால்காரி பார்த்திருந்தாள்.

அப்பா நாகர்கோவிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், பக்கத்து வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நிற்கிறது என்று யாரோ சொல்லிக்கொண்டு ஓடினார்கள்.  அம்மா கறி நறுக்குகிற கத்தியை எடுத்துக்கொண்டு மரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். “அம்மா, அவரு வைவாரு” என்றேன். “வந்து வையட்டு. ஒனக்க அப்பனைக் கெட்டிக்கிட்டுப் போனா இவரு வந்து சோறு போடுவாரா?” கம்பியின் நுனியைக் கத்தியால் நெம்பி, சுழற்றத் தெரியாமல் இழுத்தாள். சின்னக் கிளைகள் ஒடிந்தன. ஒடிந்த இடத்தில் பால் வடிந்து அவள் விரலெல்லாம் வெள்ளையாக ஒட்டியது. கம்பியை எல்லாம் உருட்டி, புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு போய்ப் பின்புறத்துப் பாழுங்கிணற்றில் போட்டாள். அன்று எங்கள் வீட்டுக்குப் போலீஸ் வரவே இல்லை. கீழ்க்கிளையின் அடியில், ஒரு விழுதோடு சேர்த்துச் சுற்றியிருந்த ஒரே ஒரு கம்பி அவள் கண்ணில் படாமல் தங்கிவிட்டது.

அப்பா திரும்பி வந்து மரத்தைப் பார்த்து அம்மாவைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே தொட்டிக்காரரின் அக்காள் வந்தாள். மீன் விற்கிறவள், அன்று கூடை இல்லாமல் வந்திருந்தாள். “கிராணியாரே, எனக்க தம்பியைப் பிடிச்சிற்றானுவ.” களியக்காவிளையில் கம்பி வாங்கிச் சுட்டு, பையில் போட்டுக்கொண்டு நடந்து வந்தவரைத் தடுத்துச் சோதித்திருக்கிறார்கள். சுட்ட கம்பி என்பது இன்னும் மோசமாகப் போயிற்று. திருட்டுக் கம்பியை அடையாளம் தெரியாமலிருக்கத்தான் சுடுவார்களாம். மரத்துக்கு என்று அவர் சொன்னதற்கு எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். “நீரு ஒரு வாக்குச் சொல்லணும். மரத்துல கெடக்கத அவனுவ வந்து பாக்கட்டு” என்றாள் அக்காள். அம்மா பாழுங்கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

கிணற்றில் கிடந்த கம்பியை எடுத்து என்ன செய்ய? மரத்தில் சுற்றியிருக்கும்வரைதான் அது வைத்தியம். கையில் எடுத்தால் அது திருட்டுச் சாமான். மிச்சமிருந்தது அந்தக் கீழ்க்கிளைக் கம்பி ஒன்றுதான். அப்பா அதை விளக்குப் பிடித்துப் பார்த்தார். மறுநாளே அவரைப் பிடித்து வைத்திருந்த காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அங்கே இல்லை. கலகம் நடக்கிற இடமெல்லாம் அவர் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினார்கள். அவர் வந்து மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, கம்பியை விரலால் தட்டி, “ஆலுக்கும் விலங்கு போட்டாச்சா?” என்று சிரித்தார். போகும்போது சிரிக்கவில்லை. “இன்ஸ்பெக்டர் பாக்கது வரை இதை ஆரும் தொடக்கூடாது. தொட்டா ஒங்க பேரிலேயும் கேசு வரும்.”

பிறகு மழை வந்தது. தொட்டிக்காரர் சொன்னது போலவே ஆல் கொழுத்தது. தினமும் காலையில் அந்தக் கிளையைப் பார்ப்பதே எனக்கு வேலையாயிற்று. முதலில் கம்பிக்கும் பட்டைக்கும் இடையே நகம் நுழைந்தது. பிறகு நுழையவில்லை. பிறகு கம்பியின் இரண்டு பக்கமும் பட்டை உதடு போல எழும்பியது. அவிழ்த்தால் அவர் உள்ளேயே கிடப்பார். அவிழ்க்காவிட்டால் கிளை போகும். அப்பா நிலையத்துக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. இன்ஸ்பெக்டர் இன்று வருவார், நாளை வருவார் என்றார்கள். மிதுனம் பாதியில் அக்காள் மறுபடி வந்தாள். தம்பிக்குச் சோறு கொடுக்கப் போனபோது அவர் கேட்டது ஒன்றுதானாம்: “கிராணியார் வீட்டு ஆலுக்குக் கம்பி அவுத்தாச்சா?” அவிழ்க்க ஆள் இல்லையென்றால் அப்பாவையே அவிழ்க்கச் சொன்னாராம், பரவாயில்லையாம். தன் சட்டத்தை அவர் தளர்த்தியது அந்த ஒரு தடவைதான். அப்பா சன்னலைப் பார்த்தார். “அவுத்தாச்சுன்னு சொல்லு. நல்லா இருக்குன்னு சொல்லு.” 

ஆடி மாதக் கர்க்கடகம் பிறந்த பிறகுதான் மரத்தைக் கொண்டுவரச் சொல்லி நிலையத்திலிருந்து ஆள் வந்தது. மரத்தை ஈரச்சாக்கால் மூடி மாட்டு வண்டியில் வைத்து, கிளை இடிபடாமலிருக்க நான் பிடித்துக்கொண்டேன். நிலையத்து முற்றத்தில் ஈர மண்ணில் வரிசையாகப் பையன்கள் குந்தியிருந்தார்கள். யாரும் தலை நிமிரவில்லை. வேலிக்கு வெளியே ஒரு தாய் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டருக்குத் தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தது. சாக்கை விலக்கியதும் மரத்தைப் பார்த்து, “இதாணோ சாட்சி?” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் அலமாரியிலிருந்து அந்தக் கம்பிச் சுருளை எடுத்து, கிளையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ஒரே பருமன், சூடு பட்ட அதே கறுப்பு. சிரிப்பு நின்றது. சுற்றியதைக் கண்ணால் பார்த்தது யார் என்று மலையாளத்தில் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார்.

அந்த இடத்தில் எனக்குக் குரல் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. தமிழில் சொன்னால் என்ன நினைப்பார்கள், மலையாளத்தில் சொன்னால் முற்றத்தில் குந்தியிருக்கிறவர்கள் என்ன நினைப்பார்கள், இரண்டு பயமும் இருந்தன. “ஞானாணு பிடிச்சது. அவராணு சுற்றியது.” நான்தான் பிடித்தேன், அவர்தான் சுற்றினார். அவ்வளவுதான் சொன்னேன். இன்ஸ்பெக்டர் சுருளைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, ஆளை ஜாமீனில் விடச் சொன்னார். ஆனால் கேஸ் நிற்கும், கோர்ட்டில் கேட்டால் மரத்தைக் கொண்டுவர வேண்டும், கேஸ் முடியும்வரை கம்பி அது இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்றார். அதற்கு அப்பாவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். சில நாட்களில் கிழக்கே போராட்டக்காரர்கள் மேல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதாகச் செய்தி வந்தது. 

தொட்டிக்காரர் சிங்க மாதத்தில், ஆவணியில், ஒரு பிற்பகல் வந்தார். தலையில் தொப்பி இல்லை. சட்டை வெள்ளையாகத்தான் இருந்தது, ஆனால் அவர் அதற்குள் பாதியாக இருந்தார். அப்பா கவரை எடுத்து மரத்தருகே வைத்திருந்தார். அவர் நேரே சன்னலுக்குப் போய்க் குனிந்தார். கம்பி அதற்குள் பாதி புதைந்துவிட்டது. சில இடங்களில் பட்டை மேலே மூடி ஒட்டிவிட்டது. 

“அவுத்தாச்சுன்னு எனக்க அக்காட்ட சொல்லிவிட்டது ஆரு?”

“நான்தான்” என்றார் அப்பா.

“உள்ள கெடந்து நான் அந்த ஒண்ணையாக்கும் பிடிச்சிட்டுக் கெடந்தேன், கிராணியாரே. வெளிய ஒரு காரியமாவது நேரே நடக்குதேன்னு.”

“இது இல்லாட்டா நீரு இப்போ இங்க நிக்க மாட்டீரு ஓய்.”

அவர் பையைத் திறந்து கம்பி வெட்டுகிற குறட்டை எடுத்தார். இடது கையால் எடுத்தார். வலது கைப் பெருவிரல் குச்சி போல நீட்டிக்கொண்டு நின்றது, மடங்கவில்லை. நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். “வழுக்கி விழுந்துட்டேன் மக்கா” என்றார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. குறடு கிளையைத் தொடும் முன் அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கேசு முடியட்டு. இப்போ இதை வெட்டினா உம்மை மறுபடியும் கொண்டு போவானுவ. நான் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”  கடைசியில் அவர் குறட்டைப் பையில் போட்டார். “இது வரை நான் இதுக்க ஆளாக்கும். இனி இது எனக்க ஜாமீன் ஆளு, இல்லியா?” என்று சிரித்தார். அம்மா அடுக்களையிலிருந்து சூடான காப்பியோடு வந்து நின்றாள்.  அவர் காப்பியைக் குடித்தார். கவரைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் மரம் பார்க்கப் போகவில்லை. பெருவிரல் மடங்காமல் கிளையை வளைக்க முடியாது. வெள்ளறடை முதலாளி தன் மரத்தைத் தரையில் நட்டுவிட்டார், டாக்டருடையது பட்டுப்போயிற்று. ஆனால் வருஷா வருஷம் மிதுனம் கழிகிற சமயத்தில் எங்கள் வாசலுக்கு மட்டும் வருவார். உள்ளே வரமாட்டார். வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு, “முடிஞ்சுதா?” என்பார். “இல்ல” என்பார் அப்பா. “உள்ள வாரும், நனையாதியும்” என்பாள் அம்மா. அவர் அங்கிருந்தே சன்னலைப் பார்த்துவிட்டு, மழையில் திரும்பிப் போவார்.

கேஸ் முடியவே இல்லை. எல்லை பிரித்தார்கள். அவரைப் பிடித்த களியக்காவிளை தமிழ்நாட்டுக்குப் போயிற்று. எங்கள் வீடும் அவர் கடற்கரையும் கேரளத்தில் நின்றன. அப்பா இங்கே போய்க் கேட்டால் அந்தக் கேஸ் அங்கே போய்விட்டது என்றார்கள். அங்கே போய்க் கேட்டால் அது இங்கேதான் இருக்கும் என்றார்கள். முடிந்தது என்று சொல்ல இரண்டு பக்கமும் ஆள் இல்லை. முடிந்தது என்று யாரும் சொல்லாதவரை கம்பியை எடுக்க அப்பாவுக்கும் தைரியம் இல்லை. ஒரு மிதுனத்தில் தொட்டிக்காரர் வரவில்லை. அப்பா குளத்தூருக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். மறுபடி கப்பலேறிவிட்டார் என்று சிலர் சொன்னதாகச் சொன்னார். மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்று அம்மா கேட்டதற்கு அப்பா எழுந்து போய் வெளிக்கதவைச் சாத்தினார்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. மரம் என்னிடம் இருக்கிறது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு நர்சரிக்காரப் பையன் மாதம் ஒருமுறை ஸ்கூட்டரில் வருகிறான். மண் மாற்றுகிறான், வேர் வெட்டுகிறான், இலை கிள்ளுகிறான். அலுமினியக் கம்பிதான் சுற்றுகிறான், சுட வேண்டாமாம். நான் பணத்தைக் கவரில் போட்டு மரத்தருகே வைப்பேன். அவன் சிரித்துக்கொண்டே, “கையில தந்தா போதும் சேச்சி” என்பான். போன வாரம் மழைக்கு நடுவே வந்தவன் கீழ்க்கிளையைத் தடவிப் பார்த்துவிட்டு, “ஆரு சேச்சி இந்தக் கொடுமையைச் செய்தது? செம்பு உள்ள கெடக்கு. அடியோட அறுத்துரலாம், மரம் அழகாகும்” என்றான். சொல்லிக்கொண்டே பையிலிருந்து சின்ன வாளை எடுத்துப் பல்லைக் கிளையின் மேல் வைத்துவிட்டான்.

“தொடாத” என்றேன். அவன் இதுவரை என்னிடம் கேட்டிராத சத்தம் அது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“கேசு முடியல்ல.”

அவன் சிரிக்கத் தொடங்கினான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, வாளைத் துடைத்துப் பைக்குள் வைத்தான்.  அவன் ஸ்கூட்டர் சத்தம் திருப்பத்தில் மறைந்த பிறகு பார்த்தேன். வாள் பட்ட இடத்தில் ஒரு சொட்டுப் பால் துளிர்த்து நின்றது. வெளிக்கதவு சரியாகச் சாத்தாமல் மழைக்காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றி, ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். பிறகு தொட்டியின் விளிம்பைத் துடைத்தேன். துணியில் பச்சை ஒட்டியிருந்தது.